சாவா மூவாக் கொடை: வள்ளல் அழகப்பர் வரலாறு

கொடை பல திறத்தது. பசித்தவனுக்குச் சோறிடுதல் ஒரு கொடை. அது அவ்வேளைப் பசியைத் தீர்க்கும். வழிநடப்போர்க்குச் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தல் மற்றொரு கொடை. அது பல்லாண்டு நிற்கும். கற்பிக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு என்றென்றும் ஊதியம் கிடைக்குமாறு ஒரு பெருந்தொகையை முதலாக வைத்துச் செல்வது மூன்றாவது வகை. அம்முதலின் வட்டியால் ஓர் ஆசிரியன் வாழ்வான். அவனிடம் கற்றவர் நாடெங்கும் பரவுவர். அவன் ஓய்வு பெற்றபின் அதே இருக்கையில் வேறொரு புலவன் வந்து அமர்வான். பல்கலைக்கழகத்தார் இதனைப் பேராசிரியர் இருக்கை என்பர்.

பெயர் புதிதேயன்றிச் செயல் நமக்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் தொண்ணூற்றாறு ஆடுகளை அளிப்பது பெருவழக்கு. இடையர் அவற்றை ஏற்று நாள்தோறும் உழக்கு நெய் அளப்பர். ஆடு மூப்பினும் இறப்பினும் குட்டிகள் பெருகுவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலின் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று வழங்கின. விளக்குக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் இவ்வாறு முதல் வைத்தனர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்க்கு உணவும், கற்பித்த 14 ஆசிரியர்க்கு ஊதியமும் கிடைக்க நிலம் ஒதுக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகின்றது.

அப்பழந்தமிழ் மரபை நம் காலத்தில் புதுப்பித்தவர் வள்ளல் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார். பட்டம் பெற்ற மாணவன் தன் பல்கலைக்கழகத்துக்குப் பட்டிருக்கும் கடன் இன்னதென்று வாழ்ந்து காட்டியவர் அவர். அவர் வரலாற்றை நம் குடியிருப்பின் இளைஞர் அறிதல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

செட்டிநாட்டில் காரைக்குடியை அடுத்தது கோட்டையூர். அவ்வூரில் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். நகரத்தார் குலத்துப் பிள்ளைகள் அந்நாளில் கணக்கும் கையெழுத்தும் கைவந்தவுடன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பல் ஏறுவர். கொண்டுவிற்றலிலும் கொடுத்துவாங்கலிலும் தேர்ச்சியே அவர்க்குக் கல்வி. பி.ஏ., எம்.ஏ. என்று பல ஆண்டுகளைப் படிப்பிற் கழிப்பது வட்டி இழப்பு என்று கருதியவரும் உண்டு.

அழகப்பர் அவ்வழியில் செல்லவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயின்று, 1930இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தார் குலத்தில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அங்கே சார்ட்டர்டு வங்கியிற் பயிற்சி பெற்றார். வானூர்தி ஓட்டவும் கற்றுக்கொண்டார். வங்கி, சட்டம், வானூர்தி ஆகிய மூன்றையும் ஒருசேரக் கற்க விழைந்த அவ்விளைஞரின் உள்ளம் எத்துணை விரிந்தது என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

வணிகமும் வளமும்

தாயகம் திரும்பியபின் வழக்கறிஞர் தொழில் அவரை நெடுநாள் பிணித்து வைக்கவில்லை. 1937இல் கொச்சி நாட்டில் திருச்சூரை அடுத்த புதுக்காட்டில் நூற்பாலை ஒன்றை நிறுவினார். ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகின்றது. மலேயாவில் ரப்பர்த் தோட்டம், பர்மாவில் ஈயச் சுரங்கம், ஹோட்டல், திரையரங்கு, பங்கு வாணிகம் என்று அவர் தொழில்கள் பலவாகப் பெருகின. ஜூபிட்டர் ஏர்வேஸ் என்னும் பெயரில் வானூர்திக் குழுமமும் நடத்தினார்.

நம் மும்பைக்கும் அவருக்கும் தொடர்புண்டு. சர்ச்கேட்டில் இருந்த ரிட்ஸ் ஹோட்டல் ஒரு காலத்தில் அவர் உடைமையாயிருந்தது. அதனை அவர் வாங்கியதைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. எளிய கோலத்தில் அங்கே தங்க வந்தவருக்கு அறை மறுக்கப்பட்டதென்றும், மறுத்த ஹோட்டலையே அவர் விலைக்கு வாங்கிவிட்டார் என்றும் கூறுவர். தென்னாட்டிலிருந்து தகரப் பெட்டியும் படுக்கையுமாக வந்து இந்நகரில் அறை தேடி அலைந்த தலைமுறையினர்க்கு இக்கதையில் ஒரு தனிச்சுவை இருப்பது இயல்பே. ஆயினும் அவர் பெருமைக்கு அளவுகோல் ஹோட்டலன்று. வாங்கியவற்றை வைத்து அவரை அளப்பதினும் கொடுத்தவற்றை வைத்து அளப்பதே முறை.

திருவனந்தபுரத்தில் தமிழ் இருக்கை

அவர் கல்விக் கொடைகளில் முன்னதாக நிற்பது திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தது. 1937இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அன்று நாகர்கோவிலும் நாஞ்சில் நாடும் அடங்கியிருந்தன. தமிழர் பல்லாயிரவர் அந்நாட்டுக் குடிகள். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த நகரும் திருவனந்தபுரமே. அவ்விடத்தில் உயர்நிலைத் தமிழாராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும் என்னும் வேட்கையை 1940களின் முற்பகுதியில் அழகப்பர் நிறைவேற்றினார். அதன் பொருட்டு அவர் அளித்த தொகை ஓர் இலட்சம் ரூபாய். அதனை முதலாகக் கொண்டு தமிழ்த்துறை எழுந்தது.

நம்மில் மாதச் சம்பளக்காரர் யாவரும் வைப்பு நிதியை அறிவோம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவதே இருக்கையின் நுட்பமும் ஆகும். இலட்ச ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு மூவாயிரம். மாதத்துக்கு 250 ரூபாய். அந்நாளில் ஒரு புலவர் கவலையின்றி நூல்களோடு வாழ அது போதும்.

அவ்விருக்கை விளைத்த பயன் யாது? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்து பணியாற்றிய பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை, தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் 1951 முதல் 1954 வரை அத்துறையை அணிசெய்தார். அவருக்குப் பின்னர் அத்துறைக்குத் தலைமை தாங்கியவர் நாஞ்சில் நாட்டு வடசேரியிற் பிறந்த வ. அய். சுப்பிரமணியம். அவர் புறநானூற்றுச் சொற்கள் அனைத்துக்கும் சொல்லடைவு செய்து 1962இல் வெளியிட்டார். தமிழ்த்துறையின் மடியில் வளர்ந்த மொழியியல் 1963இல் தனித்துறையாயிற்று. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அதன் முதல் துணைவேந்தராகச் சென்றவரும் அவரே. திருவனந்தபுரத்தில் ஊன்றிய ஒரு வித்தின் நிழல் தஞ்சை வரை நீண்ட வரலாறு இது.

ஓர் இருக்கையின் ஆற்றல்

இத்தகைய இருக்கை ஒன்று தகுதியுடையவன் கையிற் சேருமாயின் உலகையே வியக்கச் செய்யும் என்பதற்குக் கல்கத்தா சான்று. அந்நகரத்துச் சட்ட அறிஞர் தாரகநாத் பாலித் 1912இல் தம் செல்வத்தைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்விக்கு ஈந்தார். அடுத்த ஆண்டு, அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமாகிய ராஷ்பிகாரி கோஷ் பத்து இலட்சம் ரூபாய் அளித்துப் பல இருக்கைகளை நிறுவினார்.

அக்கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரியாயிருந்தார் திருவானைக்காவிற் பிறந்த சர். சி. வி. இராமன். பகலெல்லாம் கணக்கு, மாலையும் இரவும் ஆராய்ச்சி. 1917இல் பாலித் இருக்கை அவருக்கு வழங்கப்பட்டது. அரசாங்க ஊதியத்தினும் அங்கே ஊதியம் குறைவு. அவர் தயங்காமல் கணக்கேட்டை மூடிவிட்டுப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டது; 1930இல் நோபெல் பரிசு வந்தது. வங்காளத்துச் சட்ட அறிஞர் ஈட்டிய பொருள் தமிழ்நாட்டு அறிஞரின் கையில் உலக ஒளியாக மாறிற்று. கொடுத்த பாலித் அதனைக் காண உயிரோடில்லை. இருக்கை நிறுவுவோர் பயனைக் காணாமலே கொடுப்பவர். அதுவே அக்கொடையின் சிறப்பு.

மேனாட்டிலும் இதுவே வரலாறு. கேம்பிரிட்ஜிற் கற்ற ஹென்றி லூக்காஸ் தம் உயிலின் வாயிலாகக் கணித இருக்கை ஒன்றை அங்கே ஏற்படுத்தினார். 1663இல் தொடங்கிய அவ்விருக்கையில் 1669 முதல் நியூட்டனும், முந்நூறு ஆண்டு கழித்து 1979 முதல் 2009 வரை ஸ்டீபன் ஹாக்கிங்கும் அமர்ந்தனர். லூக்காஸ் என்பவர் வேறு என்ன செய்தார் என்று இன்று நினைப்பார் இல்லை. அவர் இட்ட இருக்கையோ அழியவில்லை.

கற்ற இடத்துக்குச் செய்த கைம்மாறு

மீண்டும் அழகப்பரிடம் வருவோம். 1944இல் அவர் தம்மைப் பட்டதாரியாக்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து. துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் முயற்சியும் இவ்வள்ளலின் கொடையும் ஒன்றுசேர்ந்து கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியாக உருவெடுத்தன. வேதிப் பொறியியல், நெசவு நுட்பம், தோல் நுட்பம் ஆகியவை அங்கே பல்கலைக்கழகப் பாடங்களாயின.

இதன் அருமையை மாதுங்காவாசிகளாகிய நாம் நன்கு உணரலாம். பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை, 1943இல் மாதுங்காவிலுள்ள தன் சொந்த இடத்துக்கு வந்தது. 1938 முதல் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நம் தமிழரான கி. வெங்கட்டராமன். சாயப்பொருள் வேதியியலில் உலகப் புகழ் பெற்ற அவரும் சென்னை மாநிலக் கல்லூரியின் பழைய மாணவரே. மாதுங்காவில் ஒரு தமிழ் அறிஞர் ஆலைத் தொழிலுக்கு வேண்டிய அறிவை வளர்த்துவந்த அதே காலத்தில், சென்னையில் அதற்கு ஈடான ஒரு நிலையம் எழுவதற்கு அழகப்பர் பொருள் வழங்கினார்.

தோல் நுட்பம் என்றவுடன் தாராவி நினைவுக்கு வரும். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நடத்தியவர் தமிழர். சுண்ணாம்புத் தொட்டியில் கைகால் வெந்து அவர்கள் செய்த வேலையைத் தாழ்ந்த வேலை என்று ஊரார் ஒதுக்கினர். அதே தொழில் ஆராய்ச்சிக்கூடமும் பேராசிரியரும் பட்டமும் உடைய கல்வியாக உயர்த்தப்பட்டபொழுது, உழைக்கும் கைக்குப் பல்கலைக்கழகம் செய்த மரியாதையாக அது விளங்கிற்று. அம்மரியாதைக்கு உதவியது அழகப்பரின் பொருள்.

காரைக்குடி கல்விக்குடியானது

1947ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டுக் கூட்டம் நடந்தது. மாவட்டந்தோறும் கல்லூரிகள் தோன்றுதல் வேண்டும், செல்வர் முன்வருதல் வேண்டும் என்று இலட்சுமணசாமி முதலியார் அங்கே வேண்டுகோள் விடுத்தார். அவையிலிருந்த அழகப்பர் அவ்விடத்திலேயே எழுந்து காரைக்குடியில் ஒரு கல்லூரி அமைப்பதாக உறுதி கூறினார். உறுதி கூறுவோர் பலர். அதனை நாற்பது நாளுக்குள் நிறைவேற்றுவோர் எத்தனை பேர்? ஆகஸ்டு 11ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள் முன்னதாக, காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக்கல்லூரி தொடங்கிற்று.

பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்வி நிலையங்கள் எழுந்தன. 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1952இல் பொறியியற் கல்லூரி. மேலும் தொழிற்கல்வி நிலையம், மகளிர் கல்லூரி, குழந்தைகள் பள்ளி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கள்ளியும் முள்ளும் மண்டிய செம்மண் பூமி அறிஞர் வந்து குடியேறும் ஊராயிற்று.

நோயும் மறைவும்

இவ்வளவு செய்தவரின் உடல்நிலை நலமாக இருந்ததென்று யாரும் எண்ண வேண்டா. கொடிய நோய் அவரை நெடுநாள் வருத்திற்று. வணிகத்திலும் ஏற்றத்தாழ்வுகள் நேர்ந்தன. பொருள் குறையும்பொழுது கையை மடக்குவது உலக இயல்பு. அழகப்பரோ தாம் வாழ்ந்த கோட்டையூர் இல்லத்தையே மகளிர் கல்விக்கு அளித்துவிட்டார். ஆங்கில அரசு தந்த சர் பட்டத்தை விடுதலைக்குப் பின்னர்த் துறந்தார். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிரம்புவதற்கு ஒரு நாள் இருக்கையில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

எஞ்சி நின்றவை

அவர் தேடிய செல்வம் இன்று எங்கே? வானூர்திக் குழுமம் சில ஆண்டுகளே பறந்தது. நூற்பாலை தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் சென்றது. ரிட்ஸ் ஹோட்டலும் கைமாறிற்று. அவர் கல்விக்குக் கொடுத்தவையோ வளர்ந்து வருகின்றன. கிண்டிக் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. காரைக்குடியில் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றிற்று. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியபின்னும் அங்கே தமிழ்த்துறை நிலைபெற்றுள்ளது. தமக்கென வைத்துக்கொண்டவை கரைந்தன. பிறர்க்கெனக் கொடுத்தவை நின்றன.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அன்று மாதம் 250 ரூபாய் ஒரு புலவரை வாழ்வித்தது. இன்று அது ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவுக்கும் காணாது. பணத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்வதால், எவ்வளவு பெரிய முதலும் காலப்போக்கில் மெலியும். பேராடுகள் சாவாமல் மூவாமல் இருந்ததற்குக் காரணம் அவற்றை மேய்த்தவர் மந்தையை நிறைவாக வைத்திருந்ததே. இருக்கையும் அவ்வாறே. முதலில் இட்டவர் ஒருவர்; அதனைக் காப்பவர் அங்கே கற்றுத் தேறிய ஒவ்வொருவரும் ஆதல் வேண்டும். பழைய மாணவர் கொடுப்பதை நிறுத்திவிட்டால் வள்ளலின் பெயர் பலகையில் இருக்கும். இருக்கையில் ஆசிரியர் இரார்.

இவ்வுண்மை உணரப்பட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. நம் மாதுங்கா நிலையம் 2008இல் தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் பழைய மாணவரும், 1958இல் தோன்றிய பவாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பழைய மாணவரும் தாம் கற்ற இடங்களில் பேராசிரியர் இருக்கைகள் நிறுவ உதவியுள்ளனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் வேண்டியிருந்தது. ஜானகிராமன், சம்பந்தம் என்னும் இரு தமிழ் மருத்துவர் முதலில் 10 இலட்சம் டாலர் அளித்தனர். தமிழக அரசு 2017இல் 10 கோடி ரூபாய் வழங்கிற்று. எஞ்சியதைப் பல நாட்டுத் தமிழர் பெரிதும் சிறிதுமாக ஈந்து 2018இல் நிறைவு செய்தனர். வள்ளல் ஒருவர் செய்ததைச் சிறு கைகள் பல கூடியும் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

நாம் அழகப்பர் அல்லோம். ஆலையும் வானூர்தியும் நம்மிடம் இல்லை. ஆனால் நாமும் மாணவராய் இருந்தவர்களே. தென்னாட்டிலிருந்து வந்தோர் பிள்ளைகள் கற்பதற்காக 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் தோன்றிற்று. அங்கும், தாராவியின் தமிழ்ப் பள்ளிகளிலும், செம்பூர்க் கல்விச்சாலைகளிலும் கற்று, இன்று அலுவலகங்களிலும் அயல்நாடுகளிலும் உயர்ந்திருப்போர் நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவரேனும் உளர். அவர் ஆண்டுக்கு ஒருமுறை தம் ஒரு நாள் ஊதியத்தைத் தாம் கற்ற பள்ளிக்கு என்று எடுத்துவைத்து, அதனை முதலாகச் சேர்த்துவரின், பத்து ஆண்டில் ஓர் ஆசிரியர்க்கு ஓரளவேனும் துணையாகும். கட்டடத்துக்குப் பெயர் பொறிக்கக் கொடுப்போர் எளிதிற் கிடைப்பர். கற்பிப்பவனுக்குக் கொடுப்போரே அரியர். அவ்வரியவர் வரிசையில் நம் சங்கத்து உறுப்பினரும் நிற்பராயின், அழகப்பருக்கு நாம் எடுக்கும் விழாக்களினும் அது சிறந்த விழாவாகும்.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்! வளர்க அவர் வகுத்த நெறி!